.22 பிஸ்டலை .32-க்கு மாற்றுவதா, தனியாக ஒன்று வாங்குவதா? சேலத்து ஷூட்டர்களுக்கு ஓர் ஒப்பீடு

சேலத்தில் .22 பிஸ்டலோடு மாநிலப் போட்டி வரை போய்வந்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் (ஊசி அடியின் நடுவில் அடிக்கும் பெரிய தோட்டா) போட்டியிலும் இறங்கிப் பார்க்கும் ஆசை வந்துவிடுகிறது. அந்தப் போட்டியில் .22 செல்லாது. 7.62 மி.மீ. முதல் 9.65 மி.மீ. வரை உள்ள கேலிபர் (குழலளவு) வேண்டும். நடைமுறையில் எல்லோரும் எடுத்துவருவது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் வாட்கட்டர் என்ற தட்டைத் தலைத் தோட்டா. விதி 9 மி.மீ.க்கும் இடம் தருகிறதே என்று சிலர் கேட்பார்கள். 9 மி.மீ. பாரபெல்லம் நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட குழலளவு, அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

ஆக, எதிரே நான்கு வழிகள். கையில் இருக்கும் பிஸ்டலுக்கே .32 மேல்பாகம் வாங்கி மாட்டிக்கொள்வது. தனியாக ஒரு .32 பிஸ்டல் வாங்குவது. கிளப் துப்பாக்கியை வைத்து ஓட்டுவது. .22-ஓடு நின்றுவிடுவது.

வெளிநாட்டு ஷூட்டர்கள் இதைப் பற்றிப் பேசும்போது முதல் வரியிலேயே துப்பாக்கிக் கம்பெனி பெயர் வந்துவிடும். அவர்களுக்குத் தோட்டா கடையில் கிடைக்கிறது, கிடைக்காவிட்டால் வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறார்கள். நம் நிலைமை வேறு. தோட்டா நிரப்புவதும் சட்டத்தின் கண்ணில் தோட்டா தயாரிப்புதான், அதற்கென்று தனி உரிமம் இல்லாமல் தொடக் கூடாது. அதனால் இங்கே தோட்டாவில் தொடங்கித்தான் துப்பாக்கிக்கு வர வேண்டும். வரும் ஒரு வருடத்துக்கான .32 வாட்கட்டர் எங்கிருந்து வரும் என்று தெளிவாகச் சொல்ல முடியாதவர் ஒரு ரூபாய்கூட இதில் போடக் கூடாது. சொல்ல முடிந்தவர், கையில் இருப்பது கம்பெனியே இரண்டு கேலிபருக்கும் வடிவமைத்த பிஸ்டலாக இருந்தால், தயங்காமல் .32 மேல்பாகமும் மேகசினும் (தோட்டா அடுக்கும் பெட்டி) அடங்கிய மாற்றுத் தொகுதியை வாங்கலாம். என் தீர்ப்பு இதுதான். காரணங்களை இனிச் சொல்கிறேன்.

முதலில் தோட்டாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். .22 எல்ஆர் தோட்டாவில் 40 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 2.6 கிராம் ஈயம். தீமூட்டும் மருந்தான பிரைமர் அடிவிளிம்புக்குள் இருக்கிறது. ஊசி விளிம்பில் அடித்தால்தான் வெடிக்கும். .32 வாட்கட்டரில் 98 முதல் 100 கிரெய்ன், கிட்டத்தட்ட 6.4 கிராம். இதில் பிரைமர் அடியின் நடுவில். குண்டின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. பித்தளைக் கூட்டின் வாயோடு வாயாகத் தட்டையாக உள்ளே அமர்ந்திருக்கும். அந்தத் தட்டைத் தலை காகிதத்தில் விழும்போது, பஞ்சிங் மெஷினில் குத்தியது போல ஓரம் கிழியாத வட்ட ஓட்டை கிடைக்கும். காகித டார்கெட்டில் பாயிண்ட் பார்ப்பவருக்கு அதில் சந்தேகமே வராது.

நம் ஊரில் பலர் வழுக்கி விழும் இடமும் இந்தத் தட்டைத் தலைதான். இந்திய அரசுத் தொழிற்சாலையின் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் தோட்டா உரிமம் பெற்ற கடைகளில் கிடைக்கிறது. பெயரும் அதேதான். “அதுதான் கிடைக்கிறதே, அப்புறம் என்ன கவலை?” என்று கேட்கிறார்கள். அது ரிவால்வருக்காகச் செய்தது. குண்டின் தலை உருண்டையாக வெளியே நீட்டியிருக்கும், மொத்த நீளம் 32 மி.மீ. அளவுக்கு வரும். வாட்கட்டரின் நீளமோ கூட்டின் நீளம் மட்டும்தான், 23 மி.மீ. சொச்சம். போட்டி பிஸ்டலின் மேகசினை அந்தக் குட்டை நீளத்துக்கென்றே அடித்திருக்கிறார்கள். ரிவால்வர் தோட்டா அதற்குள் இறங்கவே இறங்காது. கேலிபர் பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி, தோட்டாவுக்கு வழி பார்க்காமல் மேல்பாகத்தை வாங்கிவிட்டால் அது பீரோவில்தான் கிடக்கும்.

வாட்கட்டர் இறக்குமதிச் சரக்கு. தேசியத் துப்பாக்கிச் சங்கமான என்.ஆர்.ஏ.ஐ. வரையறுத்த ஸ்கோரை எடுத்து ‘ரினவுண்ட் ஷாட்’ தகுதி பெற்றவர்களுக்கு இறக்குமதிச் சலுகையும் தோட்டா ஒதுக்கீடும் உண்டு. மற்றவர்கள் கிளப் வழியாகவோ சங்கம் வழியாகவோதான் பெற முடியும். விலை .22-ஐப் போலப் பல மடங்கு. ஒரு போட்டிக்கு மட்டுமே 60 ஷாட், அதற்கு முன்னால் சைட் பார்க்கும் ஷாட்டுகள் வேறு. பயிற்சியையும் சேர்த்து ஒரு வருடக் கணக்கைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். இந்தக் கணக்கிலேயே பாதிப் பேர் தங்கள் முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

போட்டியின் அமைப்பு .22 காரருக்குப் புதிதல்ல. ஸ்போர்ட் பிஸ்டல் என்ற .22 போட்டியில் இருப்பதுதான் இங்கேயும். முதல் 30 ஷாட் பிரிசிஷன், 5 ஷாட் சீரிஸ் ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம். அடுத்த 30 ரேபிட்: டார்கெட் 3 வினாடி தெரியும், 7 வினாடி மறையும், தெரியும் ஒவ்வொரு முறையும் கையை 45 டிகிரியிலிருந்து தூக்கி ஒரே ஷாட். பிரிசிஷன் டார்கெட்டில் 10-வது வளையத்தின் விட்டம் 50 மி.மீ., ரேபிடில் 100 மி.மீ. மொத்தம் 600. விசையை (ட்ரிகரை) இழுக்கத் தேவையான எடை ஸ்போர்ட் பிஸ்டல், சென்டர் ஃபயர் இரண்டுக்கும் குறைந்தது 1000 கிராம், பிஸ்டலின் எடை 1400 கிராமைத் தாண்டக் கூடாது. பழைய விதியில் சென்டர் ஃபயருக்கு விசை 1360 கிராம் இருந்தது. செகண்ட் ஹேண்டில் வரும் பழைய .32 பிஸ்டல்கள் சிலவற்றில் விசை இன்னும் அந்தக் கனத்திலேயே இருக்கும், வாங்கும்போது எடை வைத்துப் பாருங்கள்.

2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா சென்டர் ஃபயரில் 590 எடுத்து அன்றைய உலக சாதனையைச் சமன் செய்து தங்கம் வென்றார். இந்த நிகழ்ச்சியில் இந்தியர்களுக்கு இருக்கும் பிடிப்புக்கு அந்த 590-க்குப் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் இன்றைய நிலையைப் பார்த்துத்தான் பணம் போட வேண்டும். சென்டர் ஃபயர் ஒலிம்பிக்கில் இல்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டிலும் இல்லை. தேசியப் போட்டியிலும் உலக சாம்பியன்ஷிப்பிலும் நடக்கிறது. சர்வதேச அளவில் இது ஆண்களுக்கான நிகழ்ச்சி. பெண்களின் 25 மீட்டர் பிஸ்டல் முழுக்க .22 தான். ஆகவே மகளுக்காக யோசிக்கும் பெற்றோர்களே, .32 பக்கம் போக வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல .22 தோட்டாவை லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுப்பு) பார்த்து வாங்கிக் கொடுங்கள், ஸ்கோரில் தெரியும்.

உதைப்பு பற்றித் தப்பான பயமும் இருக்கிறது, தப்பான தைரியமும் இருக்கிறது. பிஸ்டல் குழலிலிருந்து .22 குண்டு வினாடிக்கு 270 மீட்டர் அளவில் போகிறது, .32 வாட்கட்டர் 230 அளவில். வேகம் குறைவு, ஆனால் எடை இரண்டரை மடங்கு. பெருக்கிப் பார்த்தால் .32-இன் உந்தம் .22-ஐப் போல இரண்டு மடங்கு. கையில் அது நன்றாகவே தெரியும். என்றாலும் இந்தப் போட்டியில் உதைப்பு நேரத்தைத் தின்பதில்லை. ஒவ்வொரு ஷாட்டுக்குப் பின்னும் கையை இறக்க வேண்டும், 7 வினாடி இடைவெளி இருக்கிறது. ஸ்டாண்டர்ட் பிஸ்டல் என்ற போட்டியில் 10 வினாடிக்குள் 5 ஷாட் போடும் அவசரம் இங்கே கிடையாது. .32 ஸ்கோரைக் கெடுப்பது உதைப்பை எதிர்பார்க்கும் மனம்தான். விசை உடையும் முன்பே மணிக்கட்டு கீழே அழுந்துகிறது, குண்டு டார்கெட்டின் கீழே, ஆறு மணிப் பக்கம் விழுகிறது. இதற்கு மருந்து, அதே பிடியில், அதே விசையில், தோட்டா இல்லாமல் நூற்றுக்கணக்கில் இழுத்துப் பழகுவது.

மாற்றுத் தொகுதியின் பெரிய பலம் அங்கேதான் இருக்கிறது. வால்தர் ஜிஎஸ்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 1968-இல் வந்த வடிவம், இன்றும் நம் ரேஞ்சுகளில் பார்க்கலாம். மேகசின் விசைக்கு முன்னால் இருக்கும். லீவரைத் திருப்பினால் குழல், அதன் பின்வாயை மூடும் போல்ட்டின் கூடு, சைட் எல்லாம் ஒரே துண்டாக மேலே கழன்று வரும். கையில் மிஞ்சுவது கிரிப்பும் விசைத் தொகுதியும் கொண்ட அடிச்சட்டம். அதன்மேல் .32 மேல்பாகத்தை வைத்து லீவரைப் பூட்டி, .32 மேகசினைச் செருகினால் வேலை முடிந்தது. உளியோ அரமோ கிட்டே வரவில்லை. சைட் மேல்பாகத்தோடு வருவதால் .22-க்கு வைத்த ஜீரோ (குண்டு நடுவில் விழும்படி செய்த சைட் அமைப்பு) .22-இலும், .32-க்கு வைத்தது .32-இலும் அப்படியே நிற்கும். ஹேமர்லி எஸ்பி20-யும் இப்படி இரண்டு கேலிபருக்கும் சேர்த்தே யோசித்துச் செய்த பிஸ்டல்.

கிரிப் விஷயத்தை நிறையப் பேர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். வால்நட் கிரிப்பை உள்ளங்கைக்குத் தக்கபடி ராவி, புட்டி வைத்து, மறுபடி ராவி, விரல்கள் தேடாமலே தம் இடத்தில் போய் உட்காரும் நிலைக்குக் கொண்டுவர மாதக்கணக்காகும். மாற்றுத் தொகுதியில் அந்தக் கிரிப் அப்படியே தொடர்கிறது. தனி .32 வாங்கினால் அந்த வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் .22 கிரிப்போடு அச்சு அசலாக ஒத்துப்போகும்படி. ஒத்துப்போகாத இரண்டு கிரிப்புகளுக்கு நடுவே மாறிமாறிச் சுடுபவர் இரண்டிலும் கோட்டை விடுவார்.

எல்லா .22 பிஸ்டலுக்கும் இந்த வழி கிடையாது. ஃபைன்வெர்க்பாவ் ஏடபிள்யூ93 முழுக்க .22-க்காகச் செய்தது, வால்தர் எஸ்எஸ்பியும் அப்படியே. மொரினியில் .22-க்கு சிஎம்22எம், .32-க்கு சிஎம்32எம் என்று தனித்தனிப் பிஸ்டல்கள். பார்தினியிலும் .22 எஸ்பி வேறு, .32 எச்பி வேறு பெயரில் வருகின்றன. எந்த வருடத்து அடிச்சட்டத்தில் எந்த மேல்பாகம் உட்காரும் என்று சீரியல் நம்பரைச் சொல்லிக் கம்பெனியிடமே எழுதிக் கேட்க வேண்டும். விற்பவர் “எல்லாம் உட்காரும் சார்” என்று சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டு மடங்கு உந்தத்தைத் தாங்கும்படி அந்த அடிச்சட்டத்தைச் செய்தார்களா என்பதைச் செய்தவர்தான் சொல்ல முடியும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். சேலம் பட்டறைகளின் ஊர். லேத்தில் எதையும் கடைந்து தரும் கைகாரர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், அவர்கள் திறமைமேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனால் .22 குழலைத் துளைத்து .32 ஆக்குவது, வேறு குழலைக் கடைந்து ஏற்றுவது என்ற பேச்சை எடுக்கவே கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை மாற்றுவதற்கும் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் பெற்றவர் வேண்டும். மீறினால் செய்தவரும் செய்யச் சொன்னவரும் சேர்ந்து மாட்டுவார்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். விளிம்பில் அடிக்கும் ஊசி, .22-க்கு அளவெடுத்த போல்ட்டின் எடை, அதன் ஸ்பிரிங் எதுவும் .32-க்கு ஆகாது. போல்ட் சீக்கிரம் திறந்துகொண்டு கூடு வெடித்தால் பித்தளைத் துணுக்கு வருவது சுடுபவரின் முகத்துக்கு நேராக.

உரிமம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் பார்வையில் ஆயுதத்தின் பாகமும் ஆயுதம்தான். மேல்பாகம் மட்டும்தானே என்று உரிமத்தில் ஏற்றாமல் வைத்திருக்க முடியாது. கேலிபர் உரிமத்தில் பதிவாகியிருந்தால்தான் அந்தத் தோட்டாவையும் வாங்க முடியும். 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமதாரர் 3 துப்பாக்கிக்குப் பதில் 2 தான் வைத்திருக்கலாம். குறிப்பிட்ட தகுதி பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு அதற்கு மேல் வைத்துக்கொள்ள விலக்கு உண்டு. அந்த விலக்குக்குள் நீங்கள் வராவிட்டால், தனி .32 வாங்கியதும் உங்கள் இரண்டு இடமும் நிரம்பிவிடும். குடும்பத்தின் பழைய துப்பாக்கி ஏற்கெனவே உங்கள் பெயரில் இருந்தால் இடமே இருக்காது. ஏற்காட்டுத் தோட்டக்காரர்கள் பலருக்கு இந்தச் சிக்கல் உண்டு, காபித் தோட்டத்தோடு தாத்தா காலத்து இரட்டைக்குழலும் கைமாறி வந்திருக்கும். மாற்றுத் தொகுதியை உங்கள் உரிமத்தில் எப்படிப் பதிவார்கள் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன் உரிம அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையை நம்பினால், அதிகாரி மாறியதும் அந்த வார்த்தையும் மாறிவிடும்.

தனி .32 பிஸ்டலுக்கும் நியாயம் இருக்கிறது. மாற்றுத் தொகுதியில் இரண்டு கேலிபரும் ஒரே விசைத் தொகுதியை நம்பியிருக்கின்றன. போட்டி நாளன்று விசையில் கோளாறு வந்தால் .22 நிகழ்ச்சியும் போச்சு, .32 நிகழ்ச்சியும் போச்சு. தேசியப் போட்டிக்கு ரயில் ஏறிப் போகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. உதைப்பின் தேய்மானமும் ஒரே அடிச்சட்டத்தில் சேர்கிறது. வருடம் முழுக்க .32 சுடும் அளவுக்குத் தோட்டா ஒதுக்கீடும், துப்பாக்கி எண்ணிக்கையில் விலக்கும் இருப்பவர் தனியாகவே வாங்கட்டும். அவருக்கு நான் மாற்றுத் தொகுதியைச் சொல்ல மாட்டேன். ஏடபிள்யூ93 மாதிரி வேறு வழியில்லாத .22 வைத்திருப்பவருக்கும் தனி .32 மட்டுமே வாசல். நல்ல .22-ஐ இதற்காக விற்றுவிடாதீர்கள்.

இனிமேல்தான் முதல் பிஸ்டலே வாங்கப்போகிறீர்கள் என்றால் இன்னும் வசதி. பிற்பாடு .32 போடும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் இரண்டு கேலிபரும் ஏற்கும் அடிச்சட்டமாகத் தேர்ந்தெடுத்து, .22-ஐ மட்டும் இப்போது வாங்குங்கள். விதிகள் மாறும்போதும் இது கைகொடுக்கும். ரேபிட் ஃபயர் பிஸ்டலில் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வரை .22 ஷார்ட் இருந்தது. அடுத்த வருடம் விதி மாறி .22 எல்ஆர் கட்டாயமானதும், வால்தர் ஓஎஸ்பி மாதிரி .22 ஷார்ட்டுக்கென்றே செய்த அருமையான பிஸ்டல்கள் எல்லாம் அந்த நிகழ்ச்சியை விட்டு வெளியேறின.

கிளப் துப்பாக்கியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: ஆசையைச் சோதிக்க அதுவே சரியான இடம். கிளப்பில் .32 இருந்தால் ஒரு சீசனை அதில் ஓட்டுங்கள். கிரிப் பொருந்தாது, ஸ்கோர் குறையும், பரவாயில்லை. மணிக்கட்டு அழுந்துகிறதா, தோட்டா தொடர்ந்து வருகிறதா என்ற இரண்டும் தெரிந்துவிடும். சேலத்தில் .32 கிடைக்கவில்லை என்றால் கோவைக்கோ சென்னைக்கோ போய் சீனியர் ஷூட்டர் ஒருவரின் மேற்பார்வையில் சில சீரிஸ் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நம் மலையும் சமவெளியும் இதில் ஒரு சின்னப் பங்கு வகிக்கின்றன. ஏற்காடு 1500 மீட்டர் உயரம், சேலம் 300-க்கும் கீழே. மேலே காற்று லேசு, ஆனால் 25 மீட்டர் தூரத்தில் அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. ஈரத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஏற்காட்டில் மழை மாதங்களில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். இரண்டு மேல்பாகம் என்றால் துருவேறக் காத்திருக்கும் குழலும் இரண்டு. மாட்டாமல் பெட்டியில் கிடக்கும் மேல்பாகம்தான் முதலில் கெடும், ஏனென்றால் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பெட்டியின் நுரைப்பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைக்கும். மெல்ல எண்ணெய் தடவி, சிலிக்கா ஜெல் போட்டு, வாரம் ஒருமுறை திறந்து துடையுங்கள். கீழே சேலத்தில் வேறு பிரச்சினை. .22 ஈயக் குண்டின்மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது, சித்திரை வெயிலில் பூட்டிய காரில் பெட்டியை விட்டால் அது இளகித் தூசியைப் பிடிக்கும்.

மலையில் இருப்பவருக்கு மாற்றுத் தொகுதி இன்னொரு விதத்தில் ஒத்துவரும். ரேஞ்சுக்கு வர 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், தினமும் முடியாது. தோட்டத்தில் சுடக் கூடாது, அது ரேஞ்ச் அல்ல. அவருடைய பயிற்சியில் பெரும்பகுதி வீட்டில் தோட்டா இல்லாமல் விசை இழுப்பதாகத்தான் இருக்கும். .22-இல் வெறும் அறையில் ஊசி அடித்தால் அறையின் விளிம்பில் தழும்பு விழும், கம்பெனி சொன்ன டிரை ஃபயரிங் சாதனம் வேண்டும். .32-இல் ஊசி நடுவில் அடிப்பதால் அந்தத் தொல்லை இல்லை, டம்மி தோட்டா போட்டால் இன்னும் நல்லது. .32 மேல்பாகத்தை மாட்டிவைத்து அதன் எடையிலேயே மாலையில் அரைமணி நேரம் சுவரைப் பார்த்துத் தூக்கிப் பழகலாம். கீழே இறங்கும்போது துப்பாக்கி காலியாக, தோட்டா தனிப் பெட்டியில் பூட்டி, உரிமத்தின் அசல் கையில் இருக்கட்டும். அடிவாரச் சோதனைச் சாவடியில் ஜெராக்ஸைக் காட்டி வாதாடிக்கொண்டிருக்கக் கூடாது.

வாங்குவதென்று முடிவானால், செகண்ட் ஹேண்ட் மேல்பாகமாக இருந்தால் மேகசின் எத்தனை தருகிறார் என்று முதலில் கேளுங்கள். .32 மேகசின் தனியாகத் தேடினால் லேசில் கிடைக்காது, இரண்டாவது இல்லாமல் வாங்காதீர்கள். ஸ்பிரிங்கையும் உதைப்பைத் தாங்கும் பஃபரையும் வந்தவுடனே புதிதாக மாற்றிவிடச் சொல்லி, உரிமம் பெற்ற ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுங்கள். மேல்பாகத்தை உங்கள் அடிச்சட்டத்தில் பூட்டி, கையால் அசைத்துப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் வேண்டாம். அப்புறம் அதே தோட்டா, அதே லாட், ரேஞ்சில் ரெஸ்டில் வைத்து 25 மீட்டரில் 10 ஷாட் போடச் சொல்லுங்கள். 10 ஓட்டைகளும் 50 மி.மீ. வட்டத்துக்குள் தாராளமாக அடங்கினால் பணத்தைக் கொடுங்கள். அடங்காவிட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.